பைக்குள் பத்து நிமிடம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கு, வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும் பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதல் சில லெவல்களிலேயே கைக்கு வந்துவிடும் அந்தப் பை, பிறகு ஆட்டம் முடியும்வரை யாருடைய இடுப்பிலாவது தொங்கிக்கொண்டே இருக்கும். கயிறு, உடைந்த கேடயம், என்றைக்காவது உதவும் என்று எடுத்துப் போட்டு எல்லோரும் மறந்துபோன சிலை என்று அதற்குள் கிடக்காத பொருள் இல்லை. உயிருள்ள ஒருவரை அதில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எல்லா மேசைகளிலும் ஒரு நாள் எழுந்தே தீரும். எங்கள் மேசையில் அது ஒரு கைதியின் பொருட்டு எழுந்தது. கோட்டையின் நிலவறையிலிருந்து அவனை மீட்டு வந்தோம். வாயிலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவனைப் பைக்குள் இறக்கிப் பையின் வாயைக் கட்டினோம். காவலனோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். எங்கள் பார்ட், அதாவது குழுவின் பாணன், அவனுக்கு ஒரு கதை சொன்னான், அந்தக் கதையில் காவலனுக்கு ஒரு சந்தேகம் வந்தது, சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு கதை தேவைப்பட்டது. ஒருவழியாக வாயிலைத் தாண்டிப் பையைத் திறந்தபோது கைதி இறந்துகிடந்தான். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரை யாரும் குறை சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் செய்தார். என்னை விடாமல் அரித்தது அந்தக் கைதியின் சாவு அல்ல, அவனைக் கொன்ற எண்.

2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதி இதுதான்: பைக்குள் இருக்கும் மூச்சுவிடும் உயிர்கள், பத்தை அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் நிமிடங்கள் வரை பிழைத்திருக்கும், எத்தனை பேர் இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது, அதன் பிறகு மூச்சுத் திணறல் தொடங்கும். திணறல் தொடங்கிவிட்டால், உடல் வலிமைக்கேற்ப ஆறு நொடிச் சுற்றுகள் சில மட்டுமே மிஞ்சும். எங்கள் கைதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று. ஆனால் அதே விதி, பையின் கொள்ளளவு 64 கன அடி என்றும் சொல்கிறது. பக்கத்துக்கு நான்கு அடியுள்ள ஒரு கனசதுரம் அது. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 1,800. எழுபது லிட்டர் பருமனுள்ள ஒரு மனிதன் உள்ளே உட்கார்ந்த பிறகும் 1,700 லிட்டருக்கு மேல் காற்று மிஞ்ச வேண்டும். அவ்வளவு காற்றை ஒருவன் பத்து நிமிடத்தில் கெடுத்துவிட முடியுமா?

முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறான். மூடிய இடத்தில் அவனை முதலில் வீழ்த்துவது ஆக்சிஜன் குறைவு அன்று. சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயுதான். மூச்சு விடும் வேகத்தை ஆள்வதே அந்த வாயுவின் அளவுதான் என்பதை உடலியங்கியல் ஆய்வாளர்களான ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினார்கள். ஹால்டேன் அதற்கும் முன்பே காற்றுப் புகாத பெட்டி ஒன்றில் தாமே பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்து, தம் தலைவலியையும் மேல்மூச்சையும் குறித்து வைத்த ஆள். பேக் ஆஃப் ஹோல்டிங் விதியை எழுதியவர்களுக்கு ஆலோசகராக அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். காற்றில் கரியமில வாயு நூற்றுக்கு நான்கு பங்கை எட்டினால் அது உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நையாஷ் வைத்திருக்கும் எல்லை. எங்கள் பையில் அந்த எல்லை வர எழுபது லிட்டர் கரியமில வாயு சேர வேண்டும். அசையாமல் இருப்பவனுக்கு அது ஆறு மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த காலம். பயந்துபோய் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு வேகத்தில் மூச்சு வாங்குபவனுக்குக்கூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பத்து நிமிடம் கழித்து அந்தக் கைதி சுவாசித்திருக்க வேண்டிய காற்று, கதவடைத்த கூட்ட அறைக்குள் வெகுநேரம் விவாதித்துக்கொண்டிருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றைவிட மோசமாக இருந்திருக்காது.

ஒரே எண், வெவ்வேறு பைகள்

மந்திரப் பையில் அறிவியலைத் தேடுவது வீண் வேலை என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இயற்பியலை அப்புறப்படுத்திவிட்டு, விதிப் புத்தகத்தை விதிப் புத்தகத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பிலேயே ஹேண்டி ஹாவர்சாக் என்ற முதுகுப்பை இருக்கிறது. அதன் நடு அறை எட்டு கன அடி. சுருட்டி மடித்து எடுத்துப் போகக்கூடிய போர்ட்டபிள் ஹோல் என்ற துணித்துண்டு இருக்கிறது. ஆறு அடி விட்டமும் பத்து அடி ஆழமும் கொண்ட அந்தக் குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 283 கன அடி. எட்டு கன அடி முதுகுப்பைக்குள் போகும் உயிருக்கும் பத்து நிமிடம். 283 கன அடிக் குழியில் கால் நீட்டிப் படுத்திருப்பவனுக்கும் அதே பத்து நிமிடம். இடம் முப்பத்தைந்து மடங்கு பெருகினாலும் காற்று ஒரு நொடிகூடப் பெருகுவதில்லை.

பழைய பதிப்பு ஒன்றைப் புரட்டினால் விஷயம் இன்னும் சுவையானது. 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில், மூடிய அறைகளுக்கென்று தனியாகவே ஒரு விதி உண்டு. பக்கத்துக்குப் பத்து அடியுள்ள அறையில், அதாவது ஆயிரம் கன அடியில், சராசரி உருவமுள்ள ஒருவர் ஆறு மணி நேரம் சிரமமின்றிச் சுவாசிக்கலாம். கூட இன்னொருவரோ எரியும் பந்தமோ இருந்தால் அந்த நேரம் அதற்கேற்பக் குறையும். நிஜ உலகக் கணக்கோடு பார்த்தால் இதுவும் கஞ்சத்தனம்தான், ஆனாலும் இது ஒரு கணக்கு. அந்தப் பதிப்பில் பேக் ஆஃப் ஹோல்டிங் நான்கு வகை. முதல் வகை 30 கன அடி, நான்காம் வகை 250 கன அடி. அறை விதியை அப்படியே பொருத்தினால் முதல் வகையில் பத்தே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகவும், நான்காம் வகையில் ஒன்றரை மணி நேரமும் காற்று இருக்க வேண்டும். புத்தகமோ நான்குக்கும் பத்து நிமிடம் என்றே சொல்கிறது. மிகச் சிறிய பையில் மட்டும் இரண்டு விதிகளும் இவ்வளவு நெருங்கி வருவதைக் கண்டபோது, யாரோ ஒருவர் சின்னப் பைக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே விட்டிருப்பாரோ என்று தோன்றியது. அது என் ஊகம் மட்டுமே.

இதற்கெல்லாம் வழக்கமாக வரும் பதில், ஆட்டச் சமநிலை என்பது. ஒருவர் சுமந்து செல்லும் பைக்குள் மற்ற எல்லோரும் வசதியாகப் படுத்துறங்க முடிந்தால், பாலைவனம் தாண்டுவதும் மதிலேறுவதும் காவலை ஏய்ப்பதும் சவாலாகவே இராது. ஆகவே ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது, அதற்குக் காற்று என்று பெயரிட்டார்கள். இந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கடிகாரம் மட்டும்தான் வேண்டும் என்றால், உயிருள்ளவை பைக்குள் போகா என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். லியோமண்ட்ஸ் சீக்ரெட் செஸ்ட் என்ற மந்திரம் அப்படித்தான் செய்கிறது. அந்தப் பெட்டியில் பன்னிரண்டு கன அடி உயிரற்ற பொருள் வைக்கலாம், அவ்வளவுதான், விவாதத்துக்கே இடமில்லை. பையின் விதி அந்த வழியில் போகாமல் மூச்சு என்ற ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. எடுத்துக் கொடுத்த பிறகு, ஆட்டக்காரர்கள் அதைப் பிடித்து இழுக்கத்தான் செய்வார்கள். ஒன்பதாவது நிமிடம் பையைத் திறந்து மூடினால் புதுக் காற்று வருமா? வாயைச் சற்றே திறந்து வைத்தபடி நடந்தால்? துருத்தி வைத்து ஊதினால்? விதி எதற்கும் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு மேசையும் தன் போக்கில் ஒரு பதில் சொல்லிக்கொள்கிறது. எங்கள் மேசையில் வெகுகாலம் அந்தப் பதில் டஞ்சன் மாஸ்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்திருந்தது.

தண்ணீர் சொன்ன பதில்

முடிச்சு அவிழ்ந்தது காற்றைப் பற்றிப் பேசாத ஒரு நாளில். மூழ்கிப்போன கோயில் ஒன்றைத் தேடி ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களில் இளையவன், ரோக் என்ற கள்வன் பாத்திரத்தை ஆடுபவன், திடீரென்று கேட்டான்: “அண்ணா, தண்ணிக்குள்ள வச்சுப் பையத் திறந்தா என்ன ஆகும்?” பைக்குள் இருக்கும் காற்றை மூக்கருகே பிடித்துச் சுவாசிக்கலாம் என்பது அவன் திட்டம். டஞ்சன் மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு கன அடித் தண்ணீர் 62.4 பவுண்டு. 64 கன அடிப் பை நிறைந்தால் ஏறக்குறைய 4,000 பவுண்டு. பை தாங்குவது 500 பவுண்டு. அதற்கு மேல் ஏற்றினால் பை கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேறோர் உலகில் சிதறிப்போகும். “பை போயிடும்ப்பா,” என்றார்.

இளையவன் விடவில்லை. வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்கிறேன், அப்போது காற்று உள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் ஏறாது என்றான். நல்ல வாதம்தான், மூழ்குபவர்களை ஏற்றித் தண்ணீருக்குள் இறக்கும், அடி திறந்த மணி வடிவக் கூண்டுகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் காற்றைச் சுருக்கும், சுருங்கிய இடத்துக்குத் தண்ணீர் ஏறும். 500 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எட்டு கன அடி மட்டுமே, பையில் எட்டில் ஒரு பங்கு. காற்று அந்த அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். அதாவது பையின் வாய் உண்மையிலேயே ஒரு திறந்த துளை என்றால், மார்பளவுக்கு மேல் தண்ணீர் உள்ள எந்தக் குளத்தில் அதைத் திறந்தாலும், எப்படிப் பிடித்தாலும், பை கிழிந்துவிடும். எத்தனையோ குழுக்கள் எத்தனையோ மூழ்கிய நிலவறைகளில் பையைத் திறந்து மருந்துக்குப்பியை எடுத்திருக்கின்றன. பை கிழிந்ததாக யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

ஆகவே பையின் வாய் திறந்த துளை அன்று. கையால் எடுத்து வைப்பது மட்டும் உள்ளே போகிறது. கையால் எடுப்பது மட்டும் வெளியே வருகிறது. சூழ்ந்திருக்கும் தண்ணீர் தானாக உள்ளே பாய்வதில்லை. தண்ணீர் பாயவில்லை என்றால் காற்று மட்டும் எப்படிப் பாயும்? ஒன்பதாவது நிமிடம் திறந்து மூடுவதால் ஒரு பயனும் இல்லை என்பது அந்த நொடியே தீர்ந்துபோயிற்று. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அப்போதுதான் தலை தூக்கியது. காற்று தானாக உள்ளே போகாது என்றால், பைக்குள் இருக்கும் அந்தப் பத்து நிமிடக் காற்று அங்கே எப்படி வந்தது?

உடன் போகும் காற்று

எனக்குத் தோன்றிய விடை இது. பைக்குள் இயல்பாகக் காற்றே இல்லை. கொள்ளளவு முழுவதும் வெற்றிடம். உள்ளே போகிறவன் தன்னை ஒட்டியிருக்கும் காற்றைத் தன்னோடு கொண்டுபோகிறான்; ஆடையின் மடிப்புகளிலும் கவச இடுக்குகளிலும் உடம்பைச் சுற்றியும் இருக்கும் காற்று. மந்திரம் எதையோ எண்ணி அந்தக் காற்றையும் அவனோடு சேர்த்து உள்ளே விடுகிறது. வெற்றிடத்தில் அது சிதறிவிடாமல் அவனைச் சுற்றியே பிடித்தும் வைக்கிறது. இப்போது அதன் அளவைப் பார்ப்போம். அவனுடைய உடம்பின் பருமன் அளவுக்கே, எழுபது லிட்டர், காற்றும் உடன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் திணறும் ஒருவன் நிமிடத்துக்கு அரை லிட்டர் கரியமில வாயுவை வெளியிட்டால், பத்து நிமிடத்தில் ஐந்து லிட்டர். எழுபதில் ஐந்து என்பது நூற்றுக்கு ஏழு. தலை வெடிப்பதுபோல் வலித்து, மேல்மூச்சு வாங்கி, நினைவு தப்பத் தொடங்கும் அளவு அது. புத்தகத்தின் பத்து நிமிடம் இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. காற்றின் அளவு ஆளைப் பொறுத்தது, பையைப் பொறுத்தது அன்று என்பதால், எட்டு கன அடி முதுகுப்பைக்கும் 283 கன அடிக் குழிக்கும் ஒரே நேரம் என்ற அந்த எரிச்சலூட்டும் முரணும் முரணாக இல்லாமல் போகிறது.

போர்ட்டபிள் ஹோல் கொஞ்சம் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது விரித்து வைத்தால் யாரும் இறங்கி ஏறக்கூடிய குழி. அதற்குள் காற்று நிறையாமல் இருக்க நியாயமே இல்லை. துணியை மடிக்கும்போது குழிக்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது என்று எங்கள் டஞ்சன் மாஸ்டர் சொன்னார். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். அதைவிடப் பெரிய இடைஞ்சல், 2014ஆம் ஆண்டு விதியின் வகுத்தல். ஆளுக்கு ஆள் தன் காற்றைக் கொண்டுபோனால், இருவர் இருந்தாலும் இருவருக்கும் தனித்தனியே பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். விதி ஐந்து ஐந்தாகப் பிரிக்கிறது. அது பொதுக் காற்று என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி. மூன்றரைப் பதிப்பின் பை விதியில் அந்த வகுத்தல் இல்லை. உயிருள்ளவை பத்து நிமிடம் வரை பிழைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும் வகுக்கப் போகவில்லை. உள்ளே இருப்பவருக்குப் பத்து நிமிடக் காற்று உண்டு, பகடை உருட்டித் தப்பிக்க முயலலாம் என்கிறது. வகுத்தலை வைத்துக்கொண்டால் வேறு வேடிக்கைகளும் வந்து சேர்கின்றன. ஓர் எலியும் ஓர் ஆளும் காற்றைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒன்பது எலிகளோடு ஓர் ஆளைப் போட்டால் அவனுக்கு ஒரே நிமிடம். தொண்ணூறு எலிகளோடு போட்டாலும் அதே ஒரு நிமிடம். எதிரியைப் பைக்குள் தள்ளி எலிகளைக் கொட்டிக் கொல்லலாம் என்று யோசிக்கும் ஆட்டக்காரர் எந்த மேசையிலும் ஒருவராவது இருப்பார். எங்கள் மேசையில் வகுத்தலை எடுத்துவிட்டோம்.

இந்த விஷயத்தில் விதியாளர்கள் எங்கே கவனமாக இருந்தார்கள், எங்கே இல்லை என்று பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அயர்ன் ஃபிளாஸ்க் என்ற மந்திரக் குடுவையில் அடைபட்ட உயிருக்கு மூச்சும் வேண்டாம், உணவும் நீரும் வேண்டாம், முதுமையும் இல்லை என்று ஐந்தாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. அதே புத்தகத்தில், உயிர்களைச் சிறைபிடிக்கும் மந்திரக் கண்ணாடிக்கு முதுமை, உணவு, நீர், உறக்கம் என்று நான்கையும் அடுக்கிவிட்டு, மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கண்ணாடிக்குள் காலங்காலமாக இருப்பவர்கள் என்னதான் சுவாசிக்கிறார்கள்? ரோப் டிரிக் மந்திரம் எட்டுப் பேரை ஒரு மணி நேரம் வேறொரு வெளியில் ஒளித்து வைக்கிறது. அங்கும் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை, இதுவரை அங்கே யாரும் மூச்சு முட்டிச் செத்ததும் இல்லை.

இப்போது எங்கள் மேசையில் நடைமுறை இப்படி இருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். பையைத் திறந்து மூடுவதால் நேரம் புதுப்பிக்கப்படாது. ஆளை முழுவதுமாக வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தால் மட்டுமே புதுக் காற்று. இதில் எனக்குப் பிடித்தது, கடிகாரமும் அப்படியே இருக்கிறது, அதை மீற நினைப்பவர்களுக்குப் பிடி கொடுக்கும் ஒரு காரணமும் இருக்கிறது என்பதுதான். அந்தப் பிடியை இளையவன் முதல் நாளே பற்றிக்கொண்டான். கையால் வைக்கும் பொருள் தனக்குள் இருப்பதோடு சேர்ந்துதான் உள்ளே போகும். தண்ணீர் நிரம்பிய தோல்பை தண்ணீரோடு போகிறது. அப்படியானால் காற்றடைத்த தோல்பை காற்றோடு போக வேண்டும். எழுபது லிட்டருக்குப் பத்து நிமிடம் என்றால், ஏழு லிட்டருக்கு ஒரு நிமிடம். பை முழுவதையும் ஊதிய தோல்பைகளால் நிரப்பினால், 64 கன அடியில் ஓர் ஆளின் இடம் போக மீதி ஏறக்குறைய நான்கு மணி நேரம். அவ்வளவு காற்றும் சேர்ந்து ஐந்து பவுண்டுகூட எடை வராது. இயற்பியல் தருவதாகச் சொல்லி விதி தர மறுத்த மணிநேரங்களை இளையவன் உழைத்துச் சம்பாதிக்கத் தயாராக இருந்தான்; பையின் கொள்ளளவுக்கும் முதன்முறையாகக் காற்றோடு ஒரு தொடர்பு வந்தது.

டஞ்சன் மாஸ்டர் அனுமதித்துவிட்டார். அடுத்த கைதியை மீட்கப் புறப்படுவதற்கு முன் கசாப்புக்காரனிடம் பேரம் பேசி ஆட்டுத்தோல் வாங்கினோம், தைத்தோம், கூர்மையான பொருள் ஒன்றுகூட இல்லாதபடி பையை ஒழித்து வைத்தோம். எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தோல்பைகளை வாயால் ஊதினீர்களா, துருத்தியால் ஊதினீர்களா? மனிதன் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு ஏற்கெனவே நூற்றுக்கு நான்கு பங்கு இருக்கும் என்பது எங்கள் மேசையில் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளையவன் பேசாமல் தன் கதாபாத்திரத் தாளை எடுத்து, பொருள் பட்டியலில் துருத்தி என்று எழுதிவிட்டு, அதன் விலை என்ன என்று கேட்டான்.